முன்னால் எஞ்சின் வைத்த இத்தாலிய ரேஸ் கார்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாரிஸில் இருப்பதால், பழைய ரேஸ் கார்கள் ஓடும் லு மான் கிளாசிக் நடக்கும் வருஷங்களில் முடிந்தவரை போய்விடுவேன். அங்கே ஒரு ஃபெராரி 250 ஜிடிஓவைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் அதன் விலையையே பேசிக்கொண்டிருக்க, என் கண் போனது மூக்கு நுனியில், கிரில்லுக்கு மேலே இருக்கும் மூன்று சின்ன மூடிகள் மேல்தான். பகலில் எஞ்சின் சூடேறினால் மெக்கானிக் அவற்றைக் கழற்றிவிடுவார், ரேடியேட்டருக்குக் கூடுதல் காற்று கிடைக்கும். ராத்திரி குளிர்ந்ததும் திரும்ப மாட்டிவிடலாம். பானெட்டைத் திறந்தபோது உள்ளே 3 லிட்டர் வி12, அதாவது 12 சிலிண்டர் எஞ்சின், அதன் தலையில் ஆறு வெபர் கார்புரேட்டர். பின்னால் பழைய பாணியில் ஒரே துண்டு அச்சு. இதை வைத்துக்கொண்டுதான் 1962-ல் நோப்லே, கிஷே இருவரும் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டி ஒட்டுமொத்தமாக, அதாவது எல்லாப் பிரிவுக் கார்களையும் சேர்த்து, இரண்டாவது வந்தார்கள்! அதுவும் ஃபெராரி கம்பெனி டீம் கார் இல்லை, நோப்லே பெயரில் இறங்கிய தனியார் கார். அந்த வருஷம் ஜெயித்ததும் முன்னால் எஞ்சின் வைத்த ஃபெராரிதான். அதற்கப்புறம் அப்படிப்பட்ட கார் எதுவும் லு மானை ஒட்டுமொத்தமாக ஜெயிக்கவில்லை. 1963-ல் மறுபடியும் ஒரு ஜிடிஓ இரண்டாவது, இந்தத் தடவை ஒரு பெல்ஜிய டீம்.

கம்பெனி எஞ்சினைப் பின்னால் கொண்டுபோன பிறகு இந்தக் கார்களைக் காப்பாற்றியது காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

—

நீங்கள் சொல்வது சரிதான் அண்ணா. ஃப்ளோரிடாவில் ஒரு பழைய கார் பந்தயத்தில் 365 ஜிடிபி/4 ஓடியதைப் பார்த்தேன், டேடோனா என்று எல்லாரும் கூப்பிடுவார்களே, அதுதான். ரொம்ப நீளமான மூக்கு, 4.4 லிட்டர் வி12, எடையைச் சமன்செய்ய கியர்பாக்ஸ் பின்னால். 1972 லு மானில் 5-லிருந்து 9 வரை எல்லா இடமும் இந்தக் கார்களுக்குத்தான், எல்லாம் தனியார் டீம்கள். தயாரிப்பு 1973-லேயே நின்றுபோனது, ஆனாலும் 1979 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஒன்று ஒட்டுமொத்தமாக இரண்டாவது வந்தது.

—

நான் ஜெர்மனியின் ஆஹனில் படித்தபோது 2004-ல் நண்பர்களோடு பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனேன், பக்கம்தான். பாதையில் ஓ ரூஜ் என்ற ஏற்றத்தின் மேலே வேலியோரம் நின்றால் ஃபெராரி 550 மரனெல்லோ கீழே வரும்போதே தெரிந்துவிடும், போர்ஷேக்களின் கரகரப்புக்கு நடுவே அந்த வி12 மட்டும் உச்சஸ்தாயியில் ஒரே சீராக ஏறி வரும். நள்ளிரவில் ஹெட்லைட்டைப் பார்க்காமலேயே எந்தக் கார் என்று சொல்ல முடிந்தது. பிஎம்எஸ் ஸ்கூடெரியா இத்தாலியா டீமின் 550 ஒட்டுமொத்தமாக ஜெயித்தது. நாலு ஓட்டுநர்களில் ஒருவர் லிலியன் பிரைனர், ஸ்பா 24-ஐ ஜெயித்த முதல் பெண். வெற்றி மேடையில் அவரைப் பார்த்து நாங்கள் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இதற்கு முந்தின வருஷம் லு மானில் அமெரிக்கக் கோர்வெட்டுகளைத் தோற்கடித்து, ரோடு கார்களிலிருந்து உருவான கார்களுக்கான ஜிடிஎஸ் பிரிவில் ஜெயித்த 550-ஐ உருவாக்கியது இங்கிலாந்தின் ப்ரோடிரைவ். ரோட்டில் ஓடிய கார்களை வாங்கிப் பிரித்து ரேஸ் கார் ஆக்கினார்கள், ஃபெராரி அதில் கைவைக்கவே இல்லை. அந்த லு மான் பந்தயத்தை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், கார்களை நிறுத்தி எரிபொருள், டயர் மாற்றும் பிட்டில் என்ன பார்த்தீர்கள் என்பது உட்பட.