குன்னூர் வீட்டில் புல்லைவிடப் பாசிதான் அதிகம், வருஷம் முழுக்க என்னதான் செய்வது?

வாரக்கடைசி தோட்டக்காரன்:

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு பழைய வீடு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. நான் இருப்பது கோவையில், சனி ஞாயிறு மட்டும் மலையேறுகிறேன். வாசலில் நாலு சென்ட் புல்தரை, எல்லாம் கிக்கியு புல். வாங்கும்போது பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தது. முதல் ஐப்பசி மழை முடிந்ததும் பாதிக்குப் பாதி பாசி, நடந்தால் சொதசொதவென்று கால் அமுங்குகிறது. ஒரு தோட்டக் காண்டிராக்டரைக் கூப்பிட்டேன், எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதுப் புல் பதித்து, யூரியாவை அள்ளி வீசிவிட்டுப் போனார். கணிசமான பணம். அடுத்த மழைக்கு அதே பாசி, அதே இடம். எந்த மாதம் என்ன வேலை என்று தெரிந்தவர்கள் சொன்னால் நானே செய்துகொள்வேன். இல்லை, இந்த ஊரில் புல்தரை ஆசையே தப்பா?

கோத்தகிரிக்காரர்:

தம்பி, பாசி நோய் இல்லை. புல் விட்டுக்கொடுத்த இடத்தில் அது வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். நிழல், இறுகிய மண், வடியாத தண்ணீர், புளிப்பு மண், இந்த நாலில் உங்களுக்கு எது என்று பார்க்காமல் சுரண்டிக்கொண்டே இருந்தால் வருஷா வருஷம் சுரண்ட வேண்டியதுதான். இந்த வாரம் வரும்போது பாசி இருக்கும் இடத்தில் ஒரு சாண் ஆழம் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாசக் கணக்கு கேட்டீர்கள். இருபது வருஷமாக நான் செய்வதைச் சொல்கிறேன். நம் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கூடலூர் பக்கத்துக்காரர்களுக்கு ஜூன், ஜூலைதான் பெருமழை, அவர்கள் கணக்கு வேறு, அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அந்த மூன்று மாசம் புல்தரையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, அதன்மேல் நடக்காமல் இருப்பது. ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே பெரிய புல்வெளியைப் பராமரிப்புக்காக மூடிப்போடுகிறார்கள், நாம் ஈரத்தரையில் பேட்மிண்டன் ஆடினால் எப்படி?

வேலையெல்லாம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில். வாய்க்கால் தூர் எடுப்பது, வேலியைக் குட்டையாக வெட்டி வெளிச்சம் விடுவது, அப்புறம் மண் குத்தும் தோட்ட ஃபோர்க்கை நாலு விரல் இடைவெளியில் முழு ஆழத்துக்குக் குத்தி லேசாக ஆட்டி எடுப்பது. முதுகு ஒடியும், ஆனால் இதற்கு மாற்று கிடையாது. அந்த ஓட்டைகளில் மணலைப் பரப்பித் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். கழுவாத எம்-சாண்ட் வேண்டாம், அந்தத் தூசியே ஓட்டையை அடைத்துவிடும். மழைக்கு முன்னால் யூரியா வேண்டவே வேண்டாம். பாதி மழையோடு கீழ்வீட்டுக்குப் போகும், மீதியில் புல் கொழுகொழுவென்று வளர்ந்து அழுகும். பொட்டாஷ் கொஞ்சம் போடலாம்.

ஜனவரியில் காலையில் உறைபனி விழுந்திருந்தால் வெயில் வந்து உருகும்வரை புல்லை மிதிக்காதீர்கள், நீங்கள் நடந்த தடம் கறுத்து ரொம்ப நாள் தெரியும். அப்போது புல் மஞ்சளாகும், அது சாகவில்லை, கிக்கியு குளிருக்குத் தூங்கும். ஏப்ரல், மே கோடை மழைதான் உரம் போடும் நேரம். ஜூனிலிருந்து சாரல் நாட்களில் இடைவெளி கிடைத்தால் பத்து நாளுக்கு ஒரு தடவை வெட்டுங்கள், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருபோதும் எடுக்காதீர்கள். ஒட்ட வெட்டினால் பாசிக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

எஸ்டேட் பழசு:

மேலே சொன்னது சரி, புளிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். தேயிலைக்குப் பிடித்த மண் இது, பி.எச். 4.5, 5 என்று இருக்கும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்), புல்லுக்கு அது போதாது. மண் பரிசோதனை செய்துவிட்டு, புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் மாவான டோலமைட் போடுங்கள். நான் போடுவது சதுர மீட்டருக்கு 100 கிராம், ஒரு சென்டுக்கு நாலு கிலோ வரும். பிப்ரவரி கடைசியில் போட்டுவிட்டு ஒரு மாசம் கழித்துத்தான் யூரியா, இரண்டும் சேர்ந்தால் யூரியாவின் சத்து அம்மோனியாவாக ஆவியாகிப் போய்விடும். கை ஓரமாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை தாராளமாக வீசியதில் சுவரோரம் நீலமாகப் பூத்துக்கொண்டிருந்த ஹைட்ரேஞ்சியா அடுத்த வருஷம் வெளிறிப்போன ரோஸ் நிறத்தில் பூத்தது. வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இருக்கிற பாசியைக் கருக்க அன்னபேதி (இரும்பு சல்பேட்) போதும், லிட்டருக்கு 10 கிராம் கரைத்து ஒரு சதுர மீட்டருக்கு ஊற்றுங்கள். சில நாளில் கறுத்துவிடும், வாரிவிடலாம்.

கோத்தகிரிக்காரர்:

அன்னபேதி எனக்கு உடன்பாடில்லை. கறுக்கும், வாரலாம், காரணம் அங்கேயேதானே இருக்கிறது? அதுவும் புளிப்பைக் கூட்டுகிற சரக்கு, ஒரு கையால் டோலமைட்டைப் போட்டு மறு கையால் அதை அழிக்கிற கதை. கல் படியில் சிந்தினால் துருக்கறை வேறு, என் வீட்டு மூன்றாம் படியில் இன்னும் இருக்கிறது.

எஸ்டேட் பழசு:

படியில் சிந்தியது உங்கள் கைப்பிசகு, அதற்கு அன்னபேதி என்ன செய்யும் :) காரணத்தைச் சரிசெய்த பிறகு ஒரே ஒரு தடவை என்றுதான் சொல்கிறேன்.

மலைச்சாரல்:

எல்லாம் செய்து முடித்துத் தரை பளபளவென்று ஆனதும் காட்டுமாடு வரும். போன மாசம் எங்கள் வீட்டில் மூன்று. குளம்பு இறங்கிய இடமெல்லாம் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர். உருளை வைத்து அமுக்காதீர்கள், மண் இன்னும் இறுகும், மணலும் மக்கிய எருவும் கலந்து குழியை நிரப்புங்கள், கிக்கியு தானே ஓடி மூடிக்கொள்ளும்.

லீலாக்கா:

பாசி எந்தப் பக்கம் தம்பி? மர நிழலென்றால் அங்கே புல்லை விட்டுவிடுங்கள். கிக்கியு வெயில் கேட்கும் புல், சைப்ரஸ் அடியில் அதை வளர்க்க நான் ஏழு வருஷம் மல்லுக்கட்டினேன். மரத்தை எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், மலையில் மரம் வெட்ட அனுமதி வேண்டும், 1955-லேயே வந்த சட்டம். கிளை கழிப்பதென்றாலும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். இப்போது அந்த இடத்தில் பெரணியும் ஹைட்ரேஞ்சியாவும் வைத்திருக்கிறேன், ஈரமான மூலையில் வெள்ளை ஆரம் லில்லி. அதை மட்டும் அடக்கி வைக்க வேண்டும், விட்டால் ஓடைவரை போய்விடும். நத்தை தொல்லைக்கு ஈரச்சாக்கு, ராத்திரி விரித்து வைத்தால் காலையில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், எடுத்துப் போடலாம்.

இன்னொன்று, தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவள் சொல்கிறேன், புல் அப்புறம்.

வாரக்கடைசி தோட்டக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழி தோண்டினேன். நாலு விரல் இறங்கியதுமே கடப்பாரை ணங்கென்றது. உடைந்த ஓடு, செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, ஒரு முழு சிமெண்ட் சாக்கு அப்படியே கல்லாக உறைந்து கிடக்கிறது. முன்னால் வீட்டைப் புதுப்பித்தவர்கள் இடிபாட்டைப் பரப்பி, மேலே மண் தூவி, புல் பதித்திருக்கிறார்கள். ஊற்றிய தண்ணீர் இன்று காலையும் நின்றது. புதுப் புல் பதித்த காண்டிராக்டர் கண்ணில் இது படவே இல்லையா என்று தெரியவில்லை.

தடுப்புச் சுவரையும் பார்த்தேன் அக்கா. எட்டு ஓட்டையில் ஐந்து அடைப்பு. கம்பியை விட்டுக் குத்தியதும் ஒன்றிலிருந்து அரை மணி நேரம் பழுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

கோத்தகிரிக்காரர்:

அப்படியென்றால் ஃபோர்க், டோலமைட் எல்லாம் அப்புறம். பாசி இருக்கும் பகுதியை மட்டும் ஒரு முழம் தோண்டி இடிபாட்டை அள்ளுங்கள். மழைக்காலத்தில் தொடாதீர்கள், பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் கிடந்த மண்ணில் சுண்ணாம்பு ஏறியிருக்கும், அங்கே டோலமைட் தேவையே இல்லாமலும் போகலாம், பரிசோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள். ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், கூலி பேசித் தருகிறேன்.

மலைச்சாரல்:

தோண்டிய குழியை ராத்திரி திறந்து வைக்காதீர்கள். காட்டுமாடு விழுந்தால் அதைத் தூக்க வனத்துறைதான் வர வேண்டும்.