புதுப்பிப்பு: கொள்ளுத்தாத்தாவின் ஊர், நிலப் பத்திரம் வழியாகக் கிடைத்தது

மொரீஷியசில், பிளாக் (Flacq) மாவட்டப் பக்கம் நிலம் வாங்கிய எங்கள் கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரர் என்று போன வருஷம் கேட்டிருந்தேன். தெரிந்துவிட்டது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

"கப்பல் பதிவுகளைப் பெயரை வைத்துத் துழாவாதீர்கள், முதலில் நிலம் வாங்கியபோது நோட்டரி எழுதிய பத்திரத்தைப் பாருங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் பலித்தது. ஒரே பெயரில் எத்தனையோ பேர்; போதாக்குறைக்கு 'முத்து' பிரெஞ்சு எழுத்தில் 'மூட்டூ' ஆகிவிடுகிறது. ஆனால் இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களுக்குத் தீவில் இறங்கியதும் கொடுத்த குடியேற்ற எண் அப்படி மாறாது.

கரும்புத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற 1880களின் பத்திரம் அது. வாங்கியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அவருடைய குடியேற்ற எண் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட் ஆவணப் பிரிவுக்குப் போனோம். பதிவேட்டில் கப்பல், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருந்தன. தஞ்சாவூர் ஜில்லா.

ஒன்றை மட்டும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பத்திரத்தின் அடியில், பிரெஞ்சு வரிகளுக்குக் கீழே, அவர் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். மை பரவிய, கொஞ்சம் சாய்ந்த எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே வீட்டில் சொல்லி வந்தார்கள். அம்மா அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

அப்புறம், தேடுபவர்களுக்கு: தீவிலேயே பிறந்தவர்களுக்குக் குடியேற்ற எண் கிடையாது. பத்திரத்தில் எண் இல்லையென்றால் அவருடைய அப்பாவின் பெயரில் தேடிப் பாருங்கள்.