ஆயா பெட்டியில கெடச்ச 1860கள் இனாம் பேப்பர், இத வச்சு முன்னோர எப்படித் தேடறது?

செருவுவீட்டுப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சித்தூர் பக்கம், குடியாத்தம் போற ரோட்டுல ஒரு ஊரு, வீட்ல தமிழ் வெளிய தெலுங்கு. போன மாசம் எங்க ஆயா தவறிட்டாங்க. அவங்க டிரங்குப் பெட்டிய எடுத்து வைக்கும்போது அடியில வேட்டித் துணியில சுத்தி ஒரு பேப்பர் இருந்துது, எட்டா மடிச்சது, மடிப்பெல்லாம் விட்டுப்போச்சு, ஒரு ஓரத்த பூச்சி அரிச்சிருக்கு. அச்சடிச்ச இங்கிலீஷ், நடுநடுவுல மையில எழுதி நிரப்பியிருக்காங்க, டி.டி. நம்பர்னு ஒரு எண்ணு நல்லாவே தெரியுது, கீழ இனாம் கமிஷனர்னு இருக்கு. வருஷம் 186 வரைக்கும் இருக்கு, கடைசி எண்ணு பூச்சி தின்ன எடத்துல போயிடுச்சு. பேரு வரவேண்டிய எடத்துல சரியா மடிப்பு விழுந்து கிழிஞ்சிருக்கு, 'சாமி'ன்னு முடியறது மட்டும் தெரியுது.

எங்க வீட்ல தலமுறையா சொல்றது என்னன்னா, நைனாவோட கொள்ளுத்தாத்தா கம்பெனிப் பட்டாளத்துல சுபேதாரா இருந்தாரு, சண்டையில ஜெயிச்சதுக்கு வெள்ளைக்காரன் நிலம் குடுத்தான்னு. இப்ப அதுல முக்கால் ஏக்கர் தான் மிச்சம், மத்ததெல்லாம் கல்யாணம் கடன்னு போயிடுச்சு. அவர் பேரு என்ன, எங்கேர்ந்து வந்தாரு, பொண்டாட்டி யாரு, இது எதுவும் வீட்ல யாருக்கும் தெரியல. ஆயாகிட்ட ஒரு தடவ கூட உக்காந்து கேக்காம விட்டுட்டேனேன்னு மனசு அடிச்சுக்குது.

பேப்பர்ல இன்னொரு வார்த்தை, டஸபுண்டும் மாதிரி படிக்க வருது, ஆள் பேரா ஊர் பேரான்னு புரியல. பட்டாளத்து ரெக்கார்டுல தேடணுமா நிலத்து ரெக்கார்டுல தேடணுமா, எங்க ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

கரணம் மகன்:

தம்பி, ஆயாவுக்கு என் அஞ்சலி. எங்கப்பா கரணமா, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையா இருந்தவரு, அந்தக் கணக்குப் புஸ்தகங்களோட வளர்ந்தவன் நான், அதனால சொல்றேன். பேர வச்சுத் தேடாதீங்க, நிலத்த வச்சுத் தேடுங்க. முனுசாமின்னு ஒருத்தர் இருந்தா இங்கிலீஷ் குமாஸ்தா ஒரு எடத்துல மூனசாமி, இன்னொரு எடத்துல முனியசாமின்னு எழுதியிருப்பான், அப்பன் பேரும் போட்டிருக்க மாட்டான், ஒரே ஊர்ல அதே பேர்ல நாலு பேரு இருப்பாங்க. நிலம் எங்கயும் போகாது.

மிச்சம் இருக்கற முக்கால் ஏக்கரோட சர்வே நம்பர மீ பூமியில (ஆந்திர அரசோட நிலப் பதிவு வெப்சைட்டு) அடங்கல், 1-பின்னு இருக்கற ரெண்டு நிலக் கணக்குலயும் எடுத்துக்கங்க. அப்புறம் அந்த நம்பருக்கு ஆர்.எஸ்.ஆர்., அதாவது பழைய செட்டில்மென்ட் ரிஜிஸ்டர், அதோட நகல் எழுதிக் கேளுங்க, பழசா இருந்தா டைக்ளாட்னு சொல்லுவாங்க, இங்கிலீஷும் தெலுங்கும் ரெண்டும் இருக்கும். அதுல பழைய நம்பரும் இருக்கும், இனாம் நிலம்னா, அதாவது வரியத் தள்ளியோ குறைச்சோ விட்ட நிலம்னா, டி.டி. (டைட்டில் டீட், உரிமைப் பத்திரம்) நம்பரும் குறிச்சிருப்பாங்க. அது உங்க பேப்பர்ல இருக்கற எண்ணோட ஒத்துப்போச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. கையெழுத்துல தெலுங்குக் கணக்கு வந்தா இப்பத்திப் பசங்களுக்குப் படிக்க வராது, அது கொலுசுகட்டு, எழுத்த எழுத்தோட சங்கிலி மாதிரி இழுத்து எழுதறது, ஊர்ல பெரியவங்க யாரையாவது வச்சுப் படிங்க. வருஷம் பசலியில, அதாவது நிலவரிக் கணக்கு வருஷத்துல இருந்தா 590 கூட்டிக்கங்க, பசலி 1272ன்னா 1862 ஜூலையில ஆரம்பிக்கற வருஷம்.

எழும்பூர் தேடி:

மேல அண்ணன் சொன்னது சரி, அதுக்கு அடுத்த படி நான் சொல்றேன். இனாம் கமிஷன் 1858ல போட்டது. அவங்க ஊர் ஊரா விசாரிச்சு எழுதின ரிஜிஸ்டர் தான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கான்னு போய்க் கேட்டுப் பாருங்க. ஆனா சித்தூர் மாவட்டம்னு கேட்டா கெடைக்காது. அந்த மாவட்டம் உண்டானதே 1911ல தான், அதுக்கு முன்ன உங்க ஊரு வட ஆற்காடு, அந்தப் பேர்லயும் அப்ப இருந்த தாலுகா பேர்லயும் கேளுங்க.

அந்த ரிஜிஸ்டர் ஒரு வரியில எவ்வளவு சொல்லும்னா, இனாம் எதுக்காக குடுத்தது, யாரு குடுத்தது எந்த வருஷம், மொதல்ல வாங்கினவர் பேரு, பழைய கணக்குல யார் பேர்ல இருந்துது, இப்ப அனுபவிக்கறவர் பேரு, வயசு, குடியிருக்கற ஊரு, முன்னவருக்கு என்ன உறவுன்னு எல்லாம் இருக்கும். உங்களுக்கு ஒரே வரியில மூணு தலமுறை கூட கெடைக்கலாம்.

இன்னொண்ணு, மனசுல வருத்தம் வேணாம். பேப்பர நல்லாப் படிங்க, உங்க உரிமையை 'அக்னாலெட்ஜ்' பண்றேன்னு இருக்கான்னு பாருங்க. இந்த டைட்டில் டீடெல்லாம் வெள்ளைக்காரன் புதுசா குடுத்த நிலத்துக்கு இல்ல, நவாப் காலத்துலேர்ந்தோ பாளையக்காரர் காலத்துலேர்ந்தோ, இல்ல வேற எப்படியோ ஏற்கனவே இருந்த இனாமை விசாரிச்சு ஒத்துக்கிட்ட பத்திரம். அப்ப நிலம் இந்தப் பேப்பருக்கு முந்தியே இனாமா இருந்துது. சுபேதார் கதை பொய்னு நான் சொல்லல, வேற ஒரு தாத்தா பட்டாளத்துல இருந்திருக்கலாம், ஆனா இந்த நிலம் அதுக்கு வந்ததில்லன்னு தோணுது. ஏன்னா அந்த வார்த்தை ஆளும் இல்ல ஊரும் இல்ல, தசபந்தம். ஏரியோ கெணறோ வெட்டினவங்களுக்கும், அத மராமத்து பண்ணி வச்சிருக்கறவங்களுக்கும் விடற இனாம், பத்துல ஒரு பங்குங்கறதுலேர்ந்து வந்த பேரு. உங்க சீமையிலயும் கடப்பை பக்கமும் நிறைய உண்டு. வேலைய ஒழுங்கா பாக்கற வரைக்கும் தான் இனாம் நிக்கும்.

ரேணிகுண்டா அக்கா:

தம்பி, பொம்பளைங்க பேரு வேணும்னா நிலத்து ரிஜிஸ்டர்ல மட்டும் தேடாதீங்க. பெரும்பாலும் புருஷன் செத்து, பையன் இல்லாமயோ சின்னவனாவோ இருந்தா தான் அதுல அவ பேரு வரும். எனக்கு எங்க கொள்ளுப்பாட்டி பேரு கெடச்சது ஒரு அடமானப் பத்திரத்துல, கைநாட்டு பக்கத்துல. சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பழைய வால்யூம் நகல் கேளுங்க. ஆந்திராவுல 1956 சட்டத்துல இனாமை ஒழிச்சு பட்டா குடுத்தாங்க இல்ல, அந்த விசாரணை ஃபைல் இருந்தா உங்க தாத்தா தன்ன யாரோட வாரிசுன்னு சொன்னாருன்னும் தெரியும். அந்தப் பேப்பர டேப் போட்டு ஒட்டிடாதீங்க, லேமினேஷனும் வேணாம், வெளிச்சத்துல போட்டோ எடுத்துட்டு மடிக்காம அட்டைக்குள்ள வைங்க.

செருவுவீட்டுப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல. காலைல வெயில்ல வச்சு லென்ஸ்ல பாத்தேன், அக்னாலெட்ஜ்னு தான் இருக்கு. ஊர்ல தெலுங்குக்காரங்க எங்கள செருவோள்ளு, அதாவது ஏரிக்காரங்கன்னு தான் கூப்பிடுவாங்க, நானும் அதையே பேரா வச்சுக்கிட்டேன், ஆனா எங்க வீடு இருக்கறது ஊரோட அந்தப் பக்கம், ஏரிக்கும் வீட்டுக்கும் ஒரு மைல் இருக்கும், ஏன் அந்தப் பேருன்னு யாருமே யோசிச்சதில்ல. நைனாகிட்ட தசபந்தம்னு சொன்னேன், அந்த வார்த்தையே அவர் கேட்டதில்லன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரா வந்து சொன்னாரு, அவர் சின்னப் பையனா இருக்கும்போது வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி தாத்தா நாலஞ்சு ஆள கூட்டிட்டுப் போய் கரையில மண்ணு போடுவாராம், தூம்பு வாய்ல சேறு எடுப்பாராம், கூலிய கைக்காசுல குடுப்பாராம். ஊர் ஏரிக்கு நீ ஏன் குடுக்கறன்னு ஆயா சண்ட போடுவாங்களாம், அதுக்கு அவர் எங்கப்பாரும் செஞ்சாருன்னு மட்டும் சொல்வாராம்.

ஆர்.எஸ்.ஆர். நகலுக்கு இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டேன். கெடச்சதும் நைனாவ கூட்டிட்டு எழும்பூர் போறேன்.