'ஸ்ரீரங்கம் வீடு' குழுவில் ஒரு சவுண்ட்பார் பஞ்சாயத்து

*சனி, இரவு 8:47*

ரகு: கார்த்தி, வேலை முடிந்ததா? ஒரு சந்தேகம். புரொஜெக்டருக்குப் புது சவுண்ட்பார் வாங்கி ப்ளூடூத்தில் சேர்த்துவிட்டேன். சத்தம் அருமை. ஆனால் பேட்ஸ்மேன் அடித்துவிட்டு ஓடவே ஆரம்பித்துவிடுகிறான், அப்புறம்தான் 'டக்' என்று கேட்கிறது.

மாலதி: அவுட் ஆனவன் பெவிலியன் போன பிறகுதான் நம் வீட்டில் ஸ்டம்ப் விழுகிறது 😂

வெங்கட்: அப்போதே சொன்னேன், டிவி போதும் என்று.

ரகு: அண்ணா, 100 அங்குலத்தில் மேட்ச் பார்க்க உங்களையும்தானே கூப்பிட்டேன்.

கார்த்தி: சித்தப்பா, இப்போதுதான் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தேன். நாள் முழுக்க டப்பிங்கில் உதட்டையும் குரலையும் சேர்ப்பதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அதேவா 😅 சரி, எது எதில் செருகியிருக்கிறது?

ரகு: புரொஜெக்டர் பின்சுவர் அலமாரியில். செட்டாப் பாக்ஸும் அங்கேயே, எச்டிஎம்ஐ வயரில். சவுண்ட்பார் முன்சுவரில், திரைக்குக் கீழே. நடுவில் வயர் கிடையாது. இருக்கவும் கூடாது.

மாலதி: போன மாதம்தான் பெயின்ட் அடித்தோம். சுவரில் ஒரு ஆணி இறங்கினால் வீட்டில் ஒரு ஆள் குறையும்.

கார்த்தி: புரிகிறது சித்தி 🙏 ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். புரொஜெக்டருக்குள்ளேயே இருக்கிற யூடியூபில் யாராவது பேசுகிற வீடியோ போட்டால் உதடு பொருந்துகிறதா?

ரகு: இரு.

நித்யா: பொருந்துகிறது அண்ணா, கச்சிதமாக. பாக்ஸுக்கு மாற்றினால்தான் தப்பு.

கார்த்தி: அப்படியென்றால் சவுண்ட்பாரில் கோளாறு இல்லை. ப்ளூடூத் ஒலியை அப்படியே அனுப்பாது. சுருக்கி, பொட்டலம் கட்டி, அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்து, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கும். எஸ்பிசி என்கிற சாதாரணச் சுருக்கு முறையில் இதற்கு 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை போய்விடும். உள்ளே ஓடுகிற ஆப்புக்கு இந்தத் தாமதம் தெரியும், படத்தையும் அதே அளவு பிடித்து வைத்துக் காட்டும். எச்டிஎம்ஐயில் வருகிற படத்தை உங்கள் புரொஜெக்டர் பிடித்து வைப்பதில்லை. வந்ததும் சுவரில் அடித்துவிடுகிறது.

ரகு: சவுண்ட்பார் ரிமோட்டில் 'சிங்க்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே. 200 வரை ஏற்றிப் பார்த்தேன். இன்னும் மோசம்.

கார்த்தி: ஆகத்தான் செய்யும் 🙂 அந்தப் பட்டனுக்கு ஒலியைப் பிடித்து நிறுத்த மட்டும்தான் தெரியும். பந்தியில் சோறு விழுந்துவிட்டது, சாம்பார் வாளி இன்னும் அடுக்களையில். நீங்கள் சாம்பார்க்காரரைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் நில்லப்பா' என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வெங்கட்: சோறு போடுகிறவனை நிறுத்த வேண்டியதுதானே?

கார்த்தி: அப்பா பாயிண்டைப் பிடித்துவிட்டார். நித்யா, புரொஜெக்டர் செட்டிங்ஸில் படத்தைத் தாமதப்படுத்த ஏதாவது இருக்கிறதா?

நித்யா: கலர், கீஸ்டோன், மொழி. அவ்வளவுதான்.

கார்த்தி: பெரும்பாலும் அப்படித்தான். சரி, எவ்வளவு பிந்துகிறது என்று அளந்துவிடலாம். பாக்ஸ் வயரைக் கழற்றி லேப்டாப்பில் செருகு. யாராவது கைதட்டுகிற வீடியோ ஒன்றைப் போட்டு, திரையையும் சத்தத்தையும் சேர்த்து போனில் படம் பிடி. அதை எடிட்டிங் ஆப்பில் திறந்து, இரண்டு கையும் சேர்கிற ஃபிரேமிலிருந்து ஒலிக்கோடு குத்திட்டு எழும்புகிற இடம் வரை எண்ணு.

*இரவு 9:34*

நித்யா: மூன்று தடவை எடுத்தேன். மூன்றிலும் 7 ஃபிரேம். என் போன் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும். ஒன்று 33 மில்லிசெகண்ட் என்றால் 231.

கார்த்தி: சபாஷ். எங்கள் ஸ்டுடியோவில் வேலை காலியாக இருக்கிறது.

மாலதி: அவளுக்கு பப்ளிக் எக்ஸாம் இருக்கிறது.

ரகு: நான் திரையிலிருந்து 12 அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தூரத்தால் இருக்குமோ?

கார்த்தி: 12 அடியைத் தாண்ட ஒலிக்கு 11 மில்லிசெகண்ட் போதும் சித்தப்பா. அது கணக்கிலேயே வராது. சின்ன வயதில் அம்மா மண்டபம் படித்துறையில் நின்று பார்ப்போமே, தூரத்தில் ஒருவர் துணியைக் கல்லில் அடித்து மறுபடி ஓங்கும்போதுதான் சத்தம் வந்து சேரும். ஒலி பின்னால் வருவது நமக்குப் பழக்கம், அதனால் கொஞ்சம் பிந்தினால் மூளை மன்னித்துவிடும். ஒலி முந்தினால்தான் உடனே பிடித்துவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரையில்கூட அப்படித்தான். ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே தெரிந்துவிடும், ஆனால் பிந்தினால் 125-ஐத் தொட்டால்தான் தெரியும். நீங்கள் 231-ல் இருக்கிறீர்கள்.

வெங்கட்: அதாவது மன்னிப்பு எல்லையைத் தாண்டிவிட்டான்.

ரகு: லேப்டாப்பில் படம் பார்த்தாலும் இதே கதைதானா?

கார்த்தி: அங்கே தப்பிக்கலாம். விண்டோஸில் விஎல்சி பிளேயர் இருந்தால் ஜே எழுத்தை ஒரு தடவை தட்ட ஒலி 50 மில்லிசெகண்ட் முன்னால் வரும். நாலைந்து தட்டு போதும். பதிவான படம் என்பதால் முன்னதாக எடுத்துவிட முடிகிறது. செட்டாப் பாக்ஸில் அந்த வசதி கிடையாது. நித்யா, புரொஜெக்டர் முதுகைப் படம் எடுத்து அனுப்பு. சவுண்ட்பாரையும்.

நித்யா: 📷 📷

கார்த்தி: ம். புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ இரண்டு, எதிலும் ஏஆர்சி, அதாவது அதே வயரில் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி, என்று எழுதவில்லை. ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் ஓட்டையும் இல்லை. இயர்போன் ஓட்டை இருக்கிறது, நல்லது. சவுண்ட்பாரில் ஏஆர்சி ஒன்று, ஆப்டிகல், அப்புறம் சாதாரண ஒலி வயர் செருகுகிற ஆக்ஸ். தனியாக எச்டிஎம்ஐ இன் இருந்திருந்தால் பாக்ஸை முன்னால் கொண்டுவந்து சவுண்ட்பார் வழியாகவே படத்தை அனுப்பியிருக்கலாம். அதற்கும் நீள வயர் வேண்டும், சித்தி விடமாட்டார்.

மாலதி: 👍

கார்த்தி: ஆகவே வயர் இல்லாமல் ஒரே வழி. லோ லேட்டன்சி, அதாவது தாமதம் குறைந்த ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் என்று ஜோடியாக வாங்க வேண்டும். ஒன்று புரொஜெக்டரின் இயர்போன் ஓட்டையில், இன்னொன்று சவுண்ட்பாரின் ஆக்ஸில். இரண்டிலும் ஆப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி என்கிற வேகமான சுருக்கு முறை இருந்தால் தாமதம் 40 மில்லிசெகண்ட் பக்கம் வந்துவிடும். இடது, வலது என்று இரண்டு சேனல்தான் வரும், ஆனால் ப்ளூடூத்திலும் அவ்வளவுதான் வந்துகொண்டிருந்தது.

*புதன், மாலை 6:20*

ரகு: வாங்கிவிட்டேன். டிரான்ஸ்மிட்டர் மட்டும். சவுண்ட்பாரிலேயே ப்ளூடூத் இருக்கும்போது ரிசீவர் எதற்கு என்றார் கடைக்காரர். எனக்கும் நியாயமாகப் பட்டது.

கார்த்தி: 🤦 ஜோடி என்று சொன்னேனே சித்தப்பா. சவுண்ட்பாருக்கு அந்த ஆப்டிஎக்ஸ் மொழி தெரியாது. தெரியாவிட்டால் இரண்டும் பொதுமொழியான எஸ்பிசிக்கே இறங்கிவிடும். பழைய தாமதம் அப்படியே இருக்கும்.

நித்யா: அளந்தேன். 6 ஃபிரேம்.

வெங்கட்: ஒரு ஃபிரேம் லாபம். காசு வீண் போகவில்லை.

மாலதி: இதற்கு நடுவில் நேற்று என்ன நடந்தது தெரியுமா? கடைசி ஓவரில் கரண்ட் போய் வந்தது. புரொஜெக்டர் எழுந்திருப்பதற்குள் அத்தையின் போன் சவுண்ட்பாரில் ஒட்டிக்கொண்டது. 4 பந்தில் 9 ரன் வேண்டும், அறை முழுக்க பக்திப் பாட்டு. இவர் ரிமோட்டை எடுத்துக்கொண்டு அலைகிறார், அத்தை ஊஞ்சலில் கண்ணை மூடித் தாளம் போடுகிறார்.

கார்த்தி: 😂😂 பாட்டி போனை எப்போது சேர்த்தீர்கள்?

நித்யா: நான்தான், வாங்கிய அன்றே. பாட்டி கேட்டார்.

*சனி, மாலை 4:05*

ரகு: ரிசீவர் வந்தாயிற்று. இரண்டிலும் ஒரே விளக்கு எரிகிறது. ஆனால் சத்தமே இல்லை.

கார்த்தி: சவுண்ட்பார் இன்னும் ப்ளூடூத்திலேயே உட்கார்ந்திருக்கும். ரிமோட்டில் சோர்ஸை அழுத்தி ஆக்ஸுக்கு மாற்றுங்கள்.

ரகு: வந்துவிட்டது! ஆனால் அடியில் 'ஊஊ' என்று ஒரு இரைச்சல்.

கார்த்தி: ரிசீவருக்கு கரண்ட் எங்கிருந்து?

நித்யா: சவுண்ட்பார் பின்னால் இருக்கிற யூஎஸ்பியிலிருந்து அண்ணா.

கார்த்தி: அதை எடுத்துவிட்டு, பழைய போன் சார்ஜரில் தனியாகப் போடு. புரொஜெக்டர் வால்யூமை 80-ல் நிறுத்திவிட்டு, ஏற்றுவதையும் இறக்குவதையும் சவுண்ட்பாரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நித்யா: இரைச்சல் போய்விட்டது. கைதட்டல் 2 ஃபிரேம்.

கார்த்தி: 66. மன்னிப்பு எல்லைக்குள் வந்தாயிற்று.

ரகு: இப்போது பந்து மட்டையில் படும்போதே கேட்கிறது. அண்ணா, நாளைக்கு மேட்ச் இருக்கிறது, வந்துவிடுங்கள்.

வெங்கட்: மாலதி பஜ்ஜி போட்டால் வருகிறேன்.

மாலதி: வாழைக்காய் நீங்கள் வாங்கி வாருங்கள்.

*ஞாயிறு, காலை 5:38*

மாலதி: கார்த்தி, தூங்குகிறாயா? அத்தை அரைமணி நேரமாக போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார். 'என் பாட்டு ஏன் அந்தப் பெட்டியில் வரவில்லை' என்கிறார். உன் சித்தப்பா போர்வைக்குள்ளிருந்து 'நல்லதுதான்' என்கிறார்.

கார்த்தி: சித்தி, ரிமோட்டில் சோர்ஸை ப்ளூடூத் வரும்வரை அழுத்துங்கள். மேட்ச் தொடங்கும்போது மறுபடி ஆக்ஸ்.

மாலதி: வந்துவிட்டது. உன் சித்தப்பாவும் எழுந்துவிட்டார்.