கடையில் நேரடியாகக் கிடைக்கும் தோல் களிம்புகளுக்குக் காப்பீட்டுத் தொகை பெற்றவர்கள் உண்டா?

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கு வயதிலிருந்தே எக்ஸிமா எனப்படும் தோல் அழற்சி இருக்கிறது. தோல் மருத்துவர், அழற்சியைக் குறைக்கும் வீரியம் குறைந்த ஸ்டீராய்டு மருந்தான 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பையும், நாள்தோறும் உடல் முழுவதும் பூச ஈரப்பதக் களிம்பையும் சீட்டில் முறையாக எழுதிக் கொடுத்திருந்தும், இவை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடியவை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, காப்பீட்டு நிறுவனம் எங்கள் கோரிக்கையை நிராகரித்துவிட்டது. இதைவிட வீரியமான, விலையும் கூடுதலான ஸ்டீராய்டு களிம்பை எழுதியிருந்தால் மறுபேச்சின்றிப் பணம் கொடுத்திருப்பார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஹைட்ரோகார்ட்டிசோன் சிறு குழாய்தான். அது பெரிய செலவில்லை. ஆனால், இந்நோயுள்ள குழந்தைக்கு ஈரப்பதக் களிம்பு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும் என்பதால், அதன் குழாயைக் கத்தரியால் வெட்டி, உட்புறம் ஒட்டியிருப்பதையும் விரலால் வழித்துப் பூசி வருகிறோம்.

மருத்துவ அவசியத்தை விளக்கி மருத்துவரிடம் கடிதம் பெற்று மேல்முறையீடு செய்தவர்கள் இங்கே இருந்தால், அக்கடிதத்தில் நோயின் பெயர், தேவைப்படும் அளவு தவிர வேறு என்னென்ன குறிப்பிடப்பட்டிருந்தன என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருந்தகத்திலேயே கலந்து தரப்படும் களிம்பாக எழுதி வாங்கினால் நிறுவனங்கள் ஏற்கின்றனவா? மேல்முறையீட்டுக்கான கெடு நெருங்குவதால், அனுபவப்பட்டவர்கள் விரைவில் பதிலளித்தால் பேருதவியாக இருக்கும்.