மீனாட்சி: மீன்போன்ற கண்ணா, மீன்கொடியின் ஆட்சியா?

சிம்மக்கல்லார்:
சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் அம்மனுக்குப் பட்டாபிஷேகமாகிச் செங்கோல் கைக்கு வந்ததிலிருந்து மதுரையில் அவள் ஆட்சிதான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே மீனாட்சி என்னும் பெயரை, மீன்போன்ற கண்ணுடையாள் என்று பொருள்படும் வடசொல் என்று சிலர் ஒதுக்குவதை ஏற்க இயலவில்லை. பாண்டியர் சின்னம் மீன். மீன், ஆட்சி என்னும் இரு சொற்களும் சேர்ந்தால் மீனாட்சி. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவதற்குத் தனி விதி தேட வேண்டியதில்லை. முடிசூடும் பாண்டியன் மகளுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் ஏது?

திருமங்கலத்து வாசகன்:
ஐயா, புணர்ச்சி சரியாக இருப்பதனாலேயே பொருளும் சரியாகிவிடாது. ஆட்சி என்பது ஆளுதலைக் குறிக்கும் தொழிற்பெயர். ஆள்பவளைச் சொல்ல வேண்டுமானால், மனையாட்டி என்பதைப் போல, தமிழ் 'ஆட்டி' என்றே சொல்லும். அன்றியும், காஞ்சியில் காமாட்சியும் காசியில் விசாலாட்சியும் இருக்க, மதுரைப் பெயரை மட்டும் தனியே பிரிப்பது எங்ஙனம்? விசாலாட்சி அகன்ற கண்ணுடையாள். விசாலம் ஆட்சி புரிவதாக எவரும் கொள்வதில்லை. பக்ஷி பட்சியாகவும் ஸாக்ஷி சாட்சியாகவும் ஆனதைப் போலவே, மீன என்பதும், கண்ணைக் குறிக்கும் அக்ஷி என்பதும் சேர்ந்த மீனாக்ஷீ என்னும் வடமொழி அன்மொழித்தொகை, ஈற்று ஈகாரம் குறுகி, மீனாட்சி ஆயிற்று. இவை எல்லாவற்றையும்விட வலிய சான்று சம்பந்தர் வாக்கு: 'அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய்'. அழகிய கயல் போன்ற கண்ணுடையாள் என்பதே அதன் பொருள். ஆட்சிக்கு அங்கே இடமில்லை.

யானைமலை அடிவாரம்:
இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும், அம்மனும் அவ்வாறே அடியாரைப் பார்வையால் காக்கிறாள் என்று எங்கள் பாட்டி சொல்வார். உயிரியல் அதற்கு இடம் தருமோ, வேறு கதை. ஆனால் அந்த விளக்கமும் கண்ணைத்தான் பற்றி நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், நாரைக்கு முத்தி கொடுத்த திருவிளையாடலின்படி, அவள் கோயில் பொற்றாமரைக் குளத்தில் மீன் இருப்பதில்லை.

சிம்மக்கல்லார்:
கண் என்பதை ஒப்புகிறேன். மனையாட்டி என்னும் சான்றுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆயினும் 'மீன' என்னும் முதற்சொல் யாருடையது? ரிக் வேதம் மீனுக்கு வழங்கும் சொல் மத்ஸ்யம். மீன் என்பதோ தமிழ், மலையாளம், கன்னடம் முதலியவற்றுக்குப் பொதுச்சொல். அதனை வடமொழி திராவிடத்திலிருந்து பெற்றதாகப் பரோ போன்ற மொழியியல் அறிஞர்களே கருதினர். மேலும், 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடிய அங்கயற்கண்ணிதான் மூலப்பெயர் என்றும், மீனாட்சி அதன் மொழிபெயர்ப்பு என்றும் நான் கொள்கிறேன்.

திருமங்கலத்து வாசகன்:
மீன் நம்முடைய சொல் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கடனாகப் பெற்ற சொல்லைக் கொண்டு அவர்கள் தங்கள் இலக்கணப்படி கட்டிய தொகை அது. மொழிபெயர்ப்பு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கயல் ஒரு மீன்வகை. அதற்கு நிகரான சபரம் வடமொழியில் இருக்க, பெயர்த்தவர் பொதுச்சொல்லுக்கு ஏன் போக வேண்டும்? மேகதூதத்தில் காளிதாசர் கம்பீரை ஆற்றில் துள்ளும் சபர மீன்களை அவ்வாற்றின் பார்வையாகவே பாடுகிறார். கண்ணுக்கு மீனை உவமிப்பது இரு மொழிக்கும் பொது; ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

சிம்மக்கல்லார்:
அது ஆற்றின் கண், அம்மனின் கண்ணன்று; ஆகவே மொழிபெயர்ப்பு என்னும் என் கருத்தை இன்னும் கைவிடவில்லை. 'ஆட்சி'யை மட்டும் திரும்பப் பெறுகிறேன். அதையும் பட்டாபிஷேகத்தன்று எங்கள் தெருவில் சொல்லத் துணியமாட்டேன்.