ஆகஸ்ட் 9-க்கும் 15-க்கும் இடையே

2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் என் தந்தை முதன்முறையாகச் சிங்கப்பூர் வந்திருந்தார். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்கு அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடிக்குள் பூவிதழ்களை வைத்து மடித்து, இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சுப் போடும் வேலையைப் பணியில் இருந்த காலம் முழுவதும் வேறு எவரிடமும் அவர் விட்டதில்லை. சுதந்திர தினத்தன்று கொடியைக் கீழிருந்து ஏற்ற வேண்டும், குடியரசு தினத்தன்று மேலே கட்டிவைத்து அவிழ்க்க வேண்டும் என்ற வேறுபாட்டை எனக்கு எட்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

என் மகன் அப்போது தொடக்கநிலை ஐந்தில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வகுப்புப் பிள்ளைகளை, ஆகஸ்ட் 9-இல் வரும் சிங்கப்பூர்த் தேசிய தின அணிவகுப்பின் முன்னோட்டக் காட்சிக்குப் பள்ளியிலிருந்தே அழைத்துச் செல்வார்கள். அந்த ஆண்டு அது தேசிய விளையாட்டரங்கில் நடந்தது. போய் வந்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. சிவப்புச் சட்டையைக் கழற்ற மறுத்தான். வலக்கையை முட்டியாக மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று, பற்றுறுதி எனப்படும் தேசிய உறுதிமொழியை ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லிக் காட்டினான். தேசிய கீதத்தை மலாயில் பாடினான். தந்தை இறுதிவரை கேட்டுவிட்டு, "ஜன கண மன முழுசாத் தெரியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவனுக்கு முதல் இரண்டு வரிகளுக்கு மேல் தெரியவில்லை. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தம் பெட்டியிலிருந்து ஒரு கதர்க் கொடியை எடுத்து, தாமே இஸ்திரி போட்டு, வாசல் தாழ்வாரத்தில் மகன் கட்டியிருந்த சிவப்பு வெள்ளைக் கொடிக்குப் பக்கத்தில் கட்டப் போனார். எதிர்வீட்டு ஆன்ட்டி ஓடி வந்து தடுத்தார். இங்கே பிற நாடுகளின் கொடியைப் பொது இடத்தில் பறக்கவிடச் சட்டம் இடம் தராது என்பதை அவர் மிகுந்த தயக்கத்தோடுதான் சொன்னார். கொடியை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்த தந்தையின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தக் கொடியைச் சுவாமி அலமாரியில், என் தாயாரின் படத்துக்குக் கீழே வைத்தார். 15-ஆம் தேதி காலை பத்து மணிக்கு, அதாவது இந்தியாவில் ஏழரைக்கு, செங்கோட்டையின் நேரலையைத் தொலைக்காட்சியில் தனியாக நின்றபடியே பார்த்திருக்கிறார். நான் வேலையிலும் மகன் பள்ளியிலும் இருந்தோம். விடுப்பு எடுத்து அவருடன் நின்றிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவரைத் தடுத்த ஆன்ட்டியே இரண்டு நாள் கழித்து ஒரு தூக்கில் பாயசத்துடன் வந்து அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷாரிடம் வேலை பார்த்தவர். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த செய்தி வானொலியில் வந்தபோது, வீட்டில் யாரும் மகிழவில்லை, இனி என்ன ஆகுமோ என்ற பயம்தான் இருந்தது என்றார். 1968-இல் பிரிட்டிஷார் தளத்தை விட்டுப் போகப்போவதாக அறிவித்ததும் அந்தப் பயம் இரட்டிப்பானது. அதே ஆண்டு பாடாங் திடலில் நடந்த அணிவகுப்பில் பள்ளி மாணவியாக ஆன்ட்டி நடந்திருக்கிறார். கொட்டும் மழையில் வரிசை கலையாமல் எல்லாரும் நின்றார்களாம். நனைந்து வந்த மகளுக்குத் தலை துவட்டிவிட்டபடி, ஊருக்குத் திரும்பும் பேச்சை அவருடைய தந்தை அன்றோடு நிறுத்திவிட்டாராம். தாழ்வாரத்தில் ஆண்டுதோறும் கொடி கட்டுபவர்கள் வெறும் பழக்கத்தால் கட்டுகிறார்கள் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

அதே மாதம் 22-ஆம் தேதி முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதன் காலமானார். 26-ஆம் தேதி நடந்த அரசாங்க இறுதிச் சடங்கைத் தந்தை தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் நிறைந்திருந்த அந்த அரங்கில், நாதன் அவர்களுக்குப் பிடித்தமான "தஞ்சாவூரு மண்ணு எடுத்து" என்ற பாடல் ஒலித்தது. பல ஊர்களின் மண்ணையும் நீரையும் குழைத்து ஒரு பொம்மை செய்வதைச் சொல்லும் பாடல் அது. தஞ்சை மண்ணிலேயே பிறந்து வளர்ந்த என் தந்தை, பாட்டு முடியும்வரை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிறகு பேரனை அருகில் அழைத்து, "அந்த உறுதிமொழியை இன்னொரு தடவை சொல்லு, தமிழ்ல" என்றார். அதன் வரைவை 1966-இல் எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர் என்று நான் சொன்னபோது, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று கடிந்துகொண்டார்.

எல்லாப் பெற்றோரும் இப்படி இளகிவிடுவதில்லை. துணைப்பாட வகுப்பு வாசலில் காத்திருக்கும்போது பழக்கமான ஒரு தாய், "நாம பிழைக்க வந்தவங்க, நமக்கு எதுக்கு இவங்க கொடி?" என்று பிள்ளையின் காதுபடவே சொல்வார். அந்தச் சிறுவன் கையிலிருந்த காகிதக் கொடியை மெல்லப் பைக்குள் திணித்ததை நான் பார்த்தேன். வேறொரு தந்தை, இங்கே இளைஞர்களுக்குக் கட்டாயமான ராணுவப் பணியாகிய தேசிய சேவைக்கான வயது நெருங்கும் முன்பே மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வழி தேடிக்கொண்டிருந்தார். அவரவர் குடும்பத்துக்கு அவரவர் கணக்கு இருக்கும். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் பிள்ளை உயர்வாக நினைப்பதை அதன் முன்னாலேயே இழிவாகப் பேசுவது பெருந்தவறு என்பதை அந்தத் தாயிடம் நான் நேரிலேயே சொன்னேன். அதன்பின் அவர் என்னுடன் பேசுவதில்லை.

நாங்கள் நிரந்தரவாசிகள். எங்கள் மகனும் இரண்டாண்டு தேசிய சேவை ஆற்றியே ஆக வேண்டும். 2024 தொடக்கத்தில் அவனை விடுவதற்காகப் ராணுவப் பயிற்சி முகாம் இருக்கும் பூலாவ் தெக்கோங் தீவுக்குப் படகில் சென்றோம். பிள்ளைகள் தங்கும் இடத்தைப் பெற்றோருக்குச் சுற்றிக் காட்டினார்கள். உணவுக்கூடத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட வைத்தார்கள். மகன் கோழியைத் தொடாமல் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான். உறுதிமொழி எடுக்க வரிசையில் நின்றபோது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே உயரத்தில் இருப்பதுபோல் எனக்குத் தோன்றியதால், என் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடிக்கவே சிறிது நேரமானது. எனக்கு முன்னால் நின்ற மலாய்த் தாயும் பக்கத்தில் நின்ற சீனத் தகப்பனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கடவுச்சீட்டு இன்றும் இந்தியாவுடையது. இரட்டைக் குடியுரிமையை இரண்டு நாடுகளுமே ஏற்பதில்லை என்பதால், என்றாவது ஒருநாள் அதை நான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். அதைப் பற்றி இதுவரை எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. ஆனால் அந்த மணித்துளியில் நான் வேடிக்கை பார்க்க வந்த வெளியாளாக நிற்கவில்லை.

முதல் விடுப்பில் மகன் வீட்டுக்கு வந்த இரவு, தந்தையைக் காணொளியில் அழைத்தோம். அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. காதும் சற்று மந்தம். இஸ்திரி மேசையில் சீருடையை விரித்துவைத்துக்கொண்டு, கை மடிப்பை எப்படிக் கொண்டுவருவது என்று தாத்தாவிடம் பேரன் கேட்டான். அவர் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து, துணியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். முதலில் தையலோடு தையலைச் சேர்த்துப் பிடி, அப்புறம் பெட்டியை வை என்றார். இடக்கை மடிப்பு ஒரு நூல் விலகியிருப்பதாகச் சொல்லி, அதை மறுபடி நனைத்துத் தேய்க்க வைத்தார்.